மண்ணடியில் இறங்கினால் தெரியும் சென்னை

ஜார்ஜ் டவுனுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அதன் ஓரங்கள் வழியாகத்தான் நுழைந்தார்கள். கப்பலில் வந்தவர்கள் மசூலா படகில் அலை தாண்டிக் கடற்கரையில் இறங்கினார்கள். கம்பெனிக்காரர்கள் தெற்கே கோட்டையிலிருந்து வந்தார்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறந்தபோது அதுவும் ஊருக்கு வடக்கே ராயபுரத்தில் அமைந்தது. கடற்கரை, கோட்டை ஆகிய புறநகர் ரயில் நிலையங்களும் பிராட்வே பேருந்து நிலையமும் விளிம்புகளில்தான் இருக்கின்றன. ஆகவே இந்தப் பகுதியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி பாரிமுனையிலிருந்தோ கோட்டையிலிருந்தோ தொடங்குகிறது. அங்கிருந்து பார்க்கும் கண்ணுக்கு இது கோட்டைக்குப் பின்னால் இருந்த 'கறுப்பர் நகரம்'. வெள்ளையர் வரலாற்றின் பின்கட்டு.

2019 பிப்ரவரி 10 அன்று ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரையிலான மெட்ரோ சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. மண்ணடி அந்தப் பாதையில் உள்ள ஒரு நிலையம். படியேறி வெளியே வருகிறவர் பிரகாசம் சாலையில், ஊரின் நடுவில் நிற்கிறார். ஜார்ஜ் டவுனைப் பார்க்க இதைவிடச் சரியான வாசல் இல்லை என்பது என் கருத்து. காலைநேரச் சரக்கு வண்டி நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் யாருக்கும் இந்த எண்ணம் உடனே வராது. அந்தச் சாலை எப்படி உண்டானது என்பது தெரிந்தால் வரும்.

18ஆம் நூற்றாண்டில் இன்றைய பிரகாசம் சாலை இருந்த இடத்தில் சாலை இல்லை. கிழக்கே, கடலை ஒட்டி, முத்தியால்பேட்டை. மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இரண்டுக்கும் நடுவே தாழ்ந்த நிலம், தோட்டங்கள், கழிவும் மழைநீரும் ஓடிய ஒரு வாய்க்கால். 1778-இல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தை வாங்கினார். கோட்டைக்கு வடமேற்கே நரிமேடு என்றொரு குன்று இருந்தது. பகைவர் பீரங்கி ஏற்ற வசதியான மேடு என்பதால் அதைக் கரைத்துவிட வேண்டும் என்று கோட்டைப் பொறியாளர்கள் நினைத்தார்கள். குன்றின் மண் பள்ளத்துக்கு வந்தது. மேடும் பள்ளமும் ஒரே வேலையில் சமமாயின. நேராக, அகலமாக ஒரு தெரு பிறந்தது. பாப்ஹாம்ஸ் பிராட்வே என்று பெயர் வைத்தார்கள். நகருக்குச் சாக்கடை வேண்டும், ஒழுங்கான காவல் வேண்டும் என்று 1780களில் அரசுக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தவரும் இந்த பாப்ஹாம்தான். 1795-இல் வண்டியிலிருந்து விழுந்து இறந்தார்.

சுதந்திரத்துக்குப் பின் இந்தச் சாலை தங்குதூரி பிரகாசத்தின் பெயரைப் பெற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடியவர். 1928-இல் சைமன் குழு எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு முன் மார்பைத் திறந்து காட்டியவர். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் இருந்தவர். ஒரு வழக்கறிஞர் போட்ட சாலைக்கு இன்னொரு வழக்கறிஞரின் பெயர் வந்தது பொருத்தம்தான். ஆனாலும் நகர மக்கள் இன்றும் பிராட்வே என்றே சொல்கிறார்கள்.

சுரங்க ரயில் இந்தச் சாலைக்கு அடியில் செல்வதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. ஜார்ஜ் டவுனின் மற்றத் தெருக்களில் வீடும் வீடும் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கின்றன. வடக்கு தெற்காக நேரே, இத்தனை அகலத்தில் வெற்றிடம் கிடைப்பது பாப்ஹாம் தூர்த்த இந்தப் பள்ளத்தின் மேல்தான். மண்ணடி நிலையத்தில் இறங்குகிறவர் இரண்டு பேட்டைகளும் பிரியும் கோட்டின் மீதே கால் வைக்கிறார்.

அந்தக் கோட்டுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்த சாதிகளுக்கிடையே எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதில் சென்னை தோன்றிய காலம் முதலே சண்டை நடந்தது. 1707-08இல், தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, அது பெரும் கலகமாக முற்றியது. வேலை நின்றது, குடும்பங்கள் ஊரைவிட்டு சாந்தோமுக்குக் கிளம்பின. கம்பெனி தலையிட்டு, எந்தப் பக்கம் யாருடையது என்று பிரித்து, எல்லைக்கற்கள் நாட்டியது. வணிகம் நடக்க வேண்டும் என்பதே அதன் கவலை. சாதிப் பிரிவினையை நிலத்தில் எழுதி நிலைக்க வைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் கோயில்களைப் பார்த்தால் அந்தக் கோடு ஆவணத்தில் நின்ற அளவுக்கு மண்ணில் நிற்கவில்லை என்று தெரிகிறது. இடங்கையினரான கம்மாளரின் காளிகாம்பாள் கோயில் கிழக்கே தம்பு செட்டித் தெருவில் இருக்கிறது. அதே இடங்கையைச் சேர்ந்த பேரிச் செட்டிமாரின் கந்தகோட்டமோ மேற்கே ராசப்ப செட்டித் தெருவில். வலங்கைக் கோமுட்டிகளின் கன்னிகா பரமேசுவரி கோயிலும் மேற்கேதான், கொத்தவால் சாவடியில்.

முதலில் கிழக்கே போவது நல்லது. முத்தியால்பேட்டையின் தெருக்கள் வடக்கு தெற்காக நீண்டு, கடலுக்கு இணையாகச் செல்கின்றன: லிங்கி செட்டித் தெரு, தம்பு செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, மூர் தெரு, இரண்டாம் கடற்கரைச் சாலை. மண்ணடி என்றதும் சென்னைவாசிக்கு நினைவு வருவது முஸ்லிம் வணிகர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர்கள், விடுதி நடத்தியவர்கள், புத்தகம் அச்சிட்டவர்கள். இஸ்லாமியத் தமிழ் நூல் தேடுகிறவர் இன்றும் இந்தத் தெருக்களுக்குத்தான் வர வேண்டும். அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜிதே மஃமூர். வெள்ளிக்கிழமை மதியம் தெருவின் நடை மாறிவிடும். அதைக் கணக்கில் கொண்டு வருவது வருகிறவருக்கும் தொழுகிறவருக்கும் நல்லது.

பவழக்காரத் தெரு இந்தப் பகுதியிலேயே என்னை அதிகம் ஈர்ப்பது. மத்தியதரைக் கடலிலிருந்து பவழம் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்துக்கு மாற்றிய யூத வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் இருந்தார்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் 12 ஆல்டர்மேன்களில் மூவர் யூதர், மூவர் இந்துக்கள். ஆங்கிலேயரும் மூவரே. அந்த யூதர்களின் வீடுகள் எதுவும் இன்று இல்லை. அவர்கள் போன பிறகு, நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல்கடந்த வணிகத்துக்காகச் சென்னை வந்தபோது, இதே தெருவில்தான் தங்கினார்கள். நகர விடுதி கட்டினார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் புறப்பட்டவர்கள் கப்பலுக்காகக் காத்திருந்தது இங்கே. கடலோடி வணிகம் செய்த இரண்டு சமூகங்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒரே தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள். துறைக்கு அருகாமை, பணம் கைமாறும் இடத்துக்கு அருகாமை என்ற அதே காரணங்கள்தான்.

பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களும் இந்த வட்டாரத்தைவிட்டு விலகவில்லை. 1960களில் அங்கிருந்து வெளியேற நேர்ந்த தமிழர்களுக்காக ராஜாஜி சாலையோரம் பர்மா பஜார் அமைந்தது. அவர்கள் கொண்டுவந்த அத்தோவும் மொய்ங்காவும் இரண்டாம் கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் கிடைக்கும். அத்தோ என்றால், மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப்.

தம்பு செட்டித் தெருவின் காளிகாம்பாள் கோயிலுக்கு 1677 அக்டோபர் 3 அன்று சிவாஜி வந்து வழிபட்டார் என்பது கோயில் மரபு. அதே ஆண்டு சிவாஜி தெற்கே படையெடுத்து வந்ததும், மருந்துப் பொருள்கள் கேட்டுக் கோட்டைக்கு ஆள் அனுப்பியதும் கம்பெனிப் பதிவுகளில் இருக்கின்றன. கோயில் வருகைக்கு அப்படிப்பட்ட எழுத்து இல்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கம்மாளர் கோயில் ஒன்று தன் பெருமையை ஒரு மராட்டிய அரசனோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டதுதான். சுதேசமித்திரனில் பணியாற்றிய காலத்தில் பாரதியும் இங்கே வந்தவர் என்று சொல்வார்கள். அவர் வேலை பார்த்த அலுவலகம் அடுத்தே உள்ள ஆர்மீனியன் தெருவில் இருந்தது.

ஆர்மீனியன் தெருவை மக்கள் அரண்மனைக்காரன் தெரு என்பார்கள். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். முற்பகலில் போனால் ஆர்மீனியத் தேவாலயம் திறந்திருக்கும். 1712-இல் தொடங்கிய கோயில். இன்றுள்ள கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. அதில் ஆறு பெரிய மணிகள். முற்றத்திலும் நடைபாதையிலும் ஆர்மீனியர்களின் கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ஹாருத்யூன் ஷ்மவோனியான் என்ற பாதிரியாருடையது. 1794-இல் அவர் சென்னையிலிருந்து வெளியிட்ட அஸ்தரார்தான் உலகின் முதல் ஆர்மீனிய இதழ். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, ஷஹாமிர் ஷஹாமிரியான் என்ற வணிகர் இந்நகரில் அச்சகம் வைத்து, சுதந்திர ஆர்மீனியாவுக்கு ஓர் அரசியல் சட்ட வரைவையே அச்சிட்டார். அப்போது ஆர்மீனியாவுக்கு நாடு என்று ஒன்று இல்லை. சொந்த மண்ணில் சாத்தியப்படாத அரசியல் கனவை இந்தத் தெருவின் வணிகப் பணம் தாளில் ஏற்றியது. இன்று சென்னையில் ஆர்மீனியச் சமூகமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆர்மீனியாவில் இதழியல் வரலாறு எழுதுகிறவர் யாரும் சென்னையைத் தவிர்க்க முடியாது.

சற்றுத் தள்ளி புனித மரியன்னை இணைப் பேராலயம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே அந்தோணியாரைத் தேடி எல்லா மதத்தாரும் வருவார்கள். அதே தெருவில் 18ஆம் நூற்றாண்டில் களவாய் செட்டி கட்டிய கச்சாலீசுவரர் கோயில். அன்னி பெசன்ட் தொடங்கிய இளைஞர் சங்கத்தின் கோகலே மண்டபமும் இங்கேதான். சுயாட்சி இயக்கத்தின் குரல் எழுந்த மேடை அது. அதை இடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு போட்டுத்தான் இடிப்பு நின்றது. சிதைந்த நிலையில் அந்த மண்டபத்தைப் பார்ப்பது வருத்தமளிக்கிறது. ஒரு தெருவின் எல்லா மதத் தலங்களும் காப்பாற்றப்பட்டிருக்க, எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத ஒரே பொது மேடை உதிர்ந்துகொண்டிருப்பது சென்னை யோசிக்க வேண்டிய விஷயம்.

பிராட்வேயைக் கடந்து மேற்கே போனால் சூழல் மாறும். முத்தியால்பேட்டையில் துறைமுகம், வங்கி, வழக்கு, கப்பல் அலுவலகம். பெத்தநாயக்கன்பேட்டையில் சரக்கு. இங்கே தெருவைச் சொன்னால் பொருளைச் சொன்னதாகும். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் தாளும் திருமண அழைப்பிதழும், நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனம், தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி, பத்ரியன் தெருவில் பூ. பார்க்கிறவருக்கு இது பழைய வழக்கமாகத் தோன்றலாம். மொத்த வியாபாரத்துக்கு இதில் தெளிவான லாபம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் கடைக்காரர் ஒரே நடையில் பத்துக் கடையின் விலையை விசாரித்துவிடலாம். ஒரு கடையில் இல்லாத ரகம் பக்கத்துக் கடையிலிருந்து வந்துவிடும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் தவணை தவறியவர் என்ற செய்தி தெருவுக்குள்ளேயே சுற்றும். லாரி புக்கிங் ஆபீஸ்களும் அருகிலேயே. தெருக்கள் லாரி நுழைய முடியாத அளவுக்குக் குறுகியவை. ஆகவே மீன்பாடி வண்டியும் சுமைதூக்குவோரின் தோளும்தான் இன்றும் சரக்கை நகர்த்துகின்றன. நடந்து பார்க்க வருகிறவர் ஓரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட வேண்டும். பாரத்தோடு வரும் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்புவது எவ்வளவு கடினம் என்பது அந்த வண்டியை மிதிப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த அமைப்பு குலைந்த இடமும் ஒன்று உண்டு. கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் நகரின் சமையலறை முழுவதும் விடியலுக்கு முன் ஒரு பேட்டைக்குள் வந்து பிரிந்த அந்த ஏற்பாடு போனதோடு, பெத்தநாயக்கன்பேட்டை நகரத்தின் மற்றப் பகுதிகளோடு தினசரி வைத்திருந்த உறவும் மெலிந்தது.

ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். வெளியே எவர்சில்வர், பிளாஸ்டிக், பாத்திரக் கடைகளின் இரைச்சல். உள்ளே குளம், மண்டபம், நிழல். ராமலிங்க அடிகளார் இளமையில் தினமும் வந்து பாடிய சன்னதி இது. தெய்வமணிமாலை இங்கே பிறந்தது. அவர் குடும்பம் குடியிருந்த வீடு வடக்கே ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருக்கிறது. குழந்தைப் பருவம் முதல் 1850களின் இறுதிவரை அவர் வாழ்ந்தது இந்தப் பேட்டையில்தான். பசித்தவர்க்குச் சோறு என்ற அறத்தை வடலூரில் நிறுவியவர் பசியையும் செல்வத்தையும் அருகருகே பார்த்தது இந்தச் சரக்குத் தெருக்களில் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஏழுகிணறு கோட்டைக்குக் குடிநீர் கொடுக்க 1772-இல் தோண்டிய கிணறுகளின் பெயரால் வந்த இடம். வடக்கு எல்லையில் பழைய சிறைச்சாலை சாலை ஊரின் மதில் ஓடிய தடம். ஹைதர் அலியின் குதிரைப்படைக்கு அஞ்சி 1760களில் கட்டிய மதில் அது. அதன் ஒரு துண்டு மாடிப் பூங்கா என்ற பெயரில் எஞ்சியிருக்கிறது. மேற்கு மதிலின் நினைவு வால்டாக்ஸ் சாலை.

இசைக்கும் இந்தப் பேட்டைகள் வீடு. திருவையாற்றிலிருந்து வந்த தியாகராஜர் பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார். வீணை தனம்மாள் 1938-இல் இறக்கும்வரை ஜார்ஜ் டவுன்வாசி. மயிலாப்பூர் கர்நாடக இசையின் தலைநகரானது பிற்பாடுதான். வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும் தெற்கே குடிபோனபோது சபாக்களும் தெற்கே போயின.

தேவராஜ முதலித் தெருவில் சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீசுவரர் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. பட்டணம் கோயில் என்ற பெயர் உண்டு. கண்ணாடிக் கடைகளுக்கு நடுவே கோபுரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடையின் திசை இந்தக் கோயிலில்தான் பொருள் பெறுகிறது. இந்தக் கோயில் முதலில் இங்கே இல்லை. 1640களில், கோட்டை எழும்பிய காலத்திலேயே, பேரி திம்மப்பா போன்ற துபாஷிகளின் ஆதரவோடு அது கோட்டையின் வடக்கு மதிலுக்கு வெளியே இருந்த முதல் சென்னப்பட்டணத்தின் நடுவில் நின்றது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையை ஒட்டிய வீடுகள் எதிரிக்கு மறைப்பாகும் என்று அவர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து, அதே காரணத்துக்காக மிச்சத்தையும் இடித்தார்கள். 1757-இல் கோயிலும் போனது. எதிர்ப்பு எழுந்ததால் மாற்று நிலம் தந்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பணம் திரட்டி, 1760களில் இரண்டு கோயில்களையும் இன்றைய இடத்தில் எழுப்பினார்.

வெறுமையாக்கப்பட்ட அந்த நிலம் எஸ்பிளனேடு ஆனது. பீரங்கிக் குண்டுக்குத் தடையில்லாத திறந்த வெளி. இதற்குமேல் யாரும் கட்டக் கூடாது என்று 1773-இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். மிஞ்சிய ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் இருக்கிறது. நூறாண்டுக்குப் பிறகு பீரங்கிப் பயம் போனதும், அந்த வெளியில் உயர் நீதிமன்றம் 1892-இல் எழுந்தது. அதன் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. சட்டக் கல்லூரிக் கட்டடம் சில ஆண்டுகளில் பக்கத்தில் வந்தது. அந்த வெளியை ஒட்டிய சாலையின் பேட்டைப் பக்கம், கிரேக்கக் கோயிலைப் பார்த்துக் கட்டி 1850-இல் திறந்த பச்சையப்பன் மண்டபம், எதிரே இருந்த அந்த வெளியைப் பார்த்தபடி எழுந்தது.

சட்டக் கல்லூரி வளாகத்தில் கூர்நுனிக் கோபுரம் போன்ற ஒரு கல்லறை இருக்கிறது. 1680-இல் இறந்த ஜோசப் ஹின்மரும், பின்னாளில் ஆளுநரான எலிஹு யேலின் குழந்தை டேவிட்டும் அதில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஹின்மரின் விதவையை மணந்தவர் யேல். நான்கு வயதில் இறந்த டேவிட் அவர்களுடைய மகன். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இந்த எலிஹு யேல்தான். அந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் இடுகாடு. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அந்தக் கல்லறைகளைப் பீரங்கிக்கு மறைவாகப் பயன்படுத்தியதால், பின்னர் அவற்றையும் இடித்து, பெயர்க் கற்களைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதித்தார்கள். இங்கே தப்பி நின்றவை வெகு சில. ஹின்மர் கல்லறையை இடம் மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை அண்மையில் நீதிமன்றம்வரை சென்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது யேலின் நினைவு என்பதற்காக அல்ல. முதல் சென்னப்பட்டணம் எங்கே இருந்தது என்பதற்கு அந்த வெளியில் நிற்கும் மிகப் பழைய சாட்சி இந்தக் கல்தான். வீடுகளும் தெருக்களும் போய்விட்டன, கோயில் இடம்பெயர்ந்துவிட்டது. இதையும் நகர்த்தினால், ஒரு ஊர் இருந்த இடத்தைச் சுட்ட எதுவும் மிஞ்சாது.

இந்த நடை உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் முடிகிறது. மண்ணடிக்கு அடுத்த நிலையம். ரயிலில் வந்தால் சில நிமிடம்தான். நான் விவரித்த வழியில் நின்று பார்த்து வர அரை நாள் வேண்டும். வழக்கமான சுற்றுலா இதைத் தலைகீழாகச் செய்கிறது: நீதிமன்றக் கோபுரத்தில் தொடங்கி, கோட்டையைப் பார்த்து, நேரமிருந்தால் கடைத்தெருவுக்குள் எட்டிப் பார்க்கிறது. அப்படி வருகிறவருக்கு எஸ்பிளனேடு ஒரு தொடக்கமாகவும், பேட்டைகள் அதன் பின்னால் வளர்ந்தவையாகவும் தெரியும். மண்ணடியிலிருந்து வருகிறவருக்கு வலங்கை இடங்கைச் சண்டையும் பவழ வணிகமும் ஆர்மீனிய அச்சும் கந்தகோட்டத்துப் பாட்டும் முதலில் வரும். உயர் நீதிமன்றத்தின் சிவப்புச் சுவர் அவற்றுக்கெல்லாம் பிறகு, இடிக்கப்பட்ட ஒரு தமிழ்-தெலுங்கு ஊரின் மேல் நிற்பதாகத் தெரியும். கோட்டைக்குப் போவது அதன் பின்னால் இருக்கட்டும்.